அரிசியில் கல் இல்லை

பல் உடைந்தது ஒரு புதன்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு. மருத்துவரிடம் நான் வாயைத் திறந்து காட்டியது ஞாயிறு காலை பதினொன்றேகாலுக்கு. இடையில் ஏறத்தாழ நூறு மணி நேரம். அந்த நூறு மணி நேரத்தில் நான் செய்தவற்றில் இரண்டு மட்டும் சரி; மற்றவை எல்லாம் தவறு. வாயைக் கட்டியிருந்த கம்பிகளைக் கழற்றி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இப்போது பேச முடிகிறது. ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எளிதாக இருப்பதால் எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அரசுத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். லிங்கராஜபுரத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில், இரண்டாம் மாடியில், நானும் மனைவி பத்மாவும் மகன் முரளியும் இருந்தோம். கோடையில் எங்கள் போர்வெல் வற்றிவிடும். டேங்கர் தண்ணீர்தான். டேங்கர் வருவதற்கு முன்னும் பின்னும் சம்பின், அதாவது நிலத்தடித் தொட்டியின், நீர் ஆழத்தை அளந்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. அதற்காக ஓர் இரும்புக் குழாயில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். வால்வைத் திறந்து மூடுவது கீழ்வீட்டு சவரிமுத்துவின் வேலை. மோட்டார் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், அறுபத்தெட்டு வயது.

அன்று டேங்கர் போன பிறகு குழாயை இறக்கிப் பார்த்தேன்.

“நாலு அங்குலம் கம்மி,” என்றேன்.

“இன்னா சார் நீங்கோ. கொழாய சாய்ச்சுப் புடிச்சா அது இன்னா வேணா காட்டும்,” என்றார் சவரிமுத்து.

“நான் சாய்ச்சுப் பிடிக்கல.”

“வயசாச்சு சார். கை ஆடுது. எனக்கும்தான் ஆடுது. நோட்ல ஏதோ ஒண்ணு எழுதிட்டு மேல போய் காபி சாப்டுங்கோ.”

நான் அந்தக் குழாயாலேயே அவர் தோளில் அடித்தேன். அவர் திகைத்து நின்றார். அவர் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது முறை ஓங்கியபோது முன்கையால் தடுத்தார்; எலும்பில் இரும்பு பட்ட அதிர்வு என் முழங்கை வரை வந்தது. பிறகு அவர் என்னை அடித்தார். ஒரே ஒரு அடி. மடக்கிய கை, இடது தாடை. என் தலை பம்ப் அறைச் சுவரில் மோதியது. காதுக்குள்ளே காய்ந்த கொட்டாங்கச்சி உடைவது போன்ற சத்தம் கேட்டது. வாயில் உப்பும் வெதுவெதுப்புமாக நிறைந்தது. சம்ப் மூடியின் மேல் துப்பினேன். ரத்தத்தோடு கடைவாய்ப் பல்லின் பாதியும், பதினோரு ஆண்டுகளுக்கு முன் அடைத்த சாம்பல் நிற அடைப்பும் விழுந்தன.

சவரிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஹோஸ் பைப்பை எடுத்து வந்து மூடியைக் கழுவினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: “வூட்ல இன்னா சொல்லுவீங்கோ?”

“அரிசியில கல்லு. நீங்க?”

“படில சறுக்கிட்டேன்னு சொல்லிக்கறேன். மேரி நம்ப மாட்டா. கேக்கவும் மாட்டா.” மேரி அவர் மனைவி.

நான் ஏன் மறைத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். போன ஆண்டு, பால் பாக்கெட் போடுகிறவரை ஒரு பாக்கெட் குறைந்ததற்காகக் கன்னத்தில் அறைந்தேன். முரளிதான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று சொன்னான்: “இன்னொரு தடவை நீங்க யார் மேலயாவது கை நீட்டினா, நான் தனியா வீடு பாத்துட்டுப் போயிடுவேன்.” முப்பத்தெட்டு வயது, மணமாகாதவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டேகால். அங்கேயே தங்கிக்கொள்ள அவனுக்கு எப்போதும் காரணம் இருந்தது. அவன் சொன்னால் செய்வான் என்று எனக்குத் தெரியும்.

எட்டரை வரை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பத்மா எலுமிச்சை சாதம் வைத்தாள். முதல் கவளத்தில் கத்தினேன். சாதத்தில் ரத்தம் சிந்தியதைப் பார்த்து அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு தடவை களைஞ்சேங்க,” என்றாள்.

“களைஞ்ச லட்சணம் தெரியுது.”

அன்று மதியம் டப்பாவில் மீதியிருந்த ஐந்து கிலோ அரிசியையும் தட்டுத் தட்டாகக் கொட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பொறுக்கினாள்.

பல் உடைந்தாலோ அடைப்பு விழுந்தாலோ மருத்துவரைப் பார்க்கும் வரை என்ன செய்யலாம் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். வெதுவெதுப்பான உப்பு நீரில் மெதுவாக வாய் கொப்பளிக்க வேண்டும். அதைச் செய்தேன். உடைந்த துண்டைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். சவரிமுத்து மூடியைக் கழுவுவதற்குள் பொறுக்கிப் பையில் போட்டிருந்தேன்; ஆக அதையும் செய்தேன். நான் செய்த சரியான காரியங்கள் இந்த இரண்டும்தான். கன்னத்தின் வெளிப்பக்கம் குளிர்ந்த துணி வைத்திருக்க வேண்டும். பல்லின் கூரான விளிம்பை மூட மருந்துக் கடையில் தற்காலிக அடைப்பு மருந்து கிடைக்கும். மாவு போல இருக்கும். அதை அப்பிக்கொண்டு, அந்தப் பக்கம் மெல்லாமல், மறுநாளே பல் மருத்துவரிடம் போயிருக்க வேண்டும்.

நான் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரே ஒரு சொட்டு விடுவதற்குப் பதில், பஞ்சு சொட்டச் சொட்ட விட்டுப் பள்ளத்தில் திணித்தேன். ஈறு வெந்தது. வியாழக்கிழமை, இதயத்துக்காக நான் தினமும் போடும் ஆஸ்பிரின் மாத்திரையில் ஒன்றை ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே அடக்கிக்கொண்டேன். விழுங்கினால் சுற்றி வர வேண்டிய மருந்து நேராக வேலை செய்யட்டும் என்பது என் கணக்கு. அது அமிலம். அரை மணியில் சதை வெள்ளையாகத் தோலுரிந்து விரலோடு வந்தது. மீதிப் பல்லின் விளிம்பு நாக்கை அறுத்துக்கொண்டே இருந்தது. பத்மாவின் நகம் ராவும் அரத்தை எடுத்துக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ராவினேன். பதினோரு இழுப்பு வரை ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவதில் நரம்பு பட்டது. தாடையிலிருந்து கண்ணுக்குள் யாரோ ஆணி இறக்கியது போல இருந்தது. அரத்தைச் சுவரில் எறிந்தேன், குழாயைக் காலால் உதைத்தேன், கால் விரல் நகம் பிளந்தது. கதவுக்கு வெளியே பத்மா நின்றிருந்தாள். அவள் தட்டவில்லை. நிற்பது மட்டும் கதவின் கீழே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வீக்கம் வந்தது. சூடான உப்பு மூட்டை ஒற்றடம் கொடுத்தேன், ஒரு வேளைக்கு இருபது முறை. கன்னம் கருநீலமாக இருந்ததற்கும் ஒற்றடத்தையே காரணமாகச் சொன்னேன். பல் வீக்கத்துக்கு வெளியிலிருந்து சூடு வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சீழ் பரவுவதற்கு அது வழி செய்கிறது என்று பிறகு சொன்னார்கள்.

முரளி அன்று விடுப்பு எடுத்தான். “அப்பா, தெருமுனையிலயே கிளினிக் இருக்கு. பத்து நிமிஷ வேலை. வாங்க.”

“எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பார்.”

“பல் டாக்டர்கிட்ட போக என்னப்பா பயம்?”

ஊசிக்கு நான் பயப்படவில்லை. வாயைத் திறந்ததும் மருத்துவர் கேட்கப் போகும் ஒரு கேள்விக்குத்தான் பயம்.

ஞாயிறு காலை ஜுரம் நூற்றிரண்டு. நாக்கின் அடித்தளம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் இருபத்தேழு முறை துப்பினேன். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. இவை எல்லாம் சேர்ந்தால் பல் கிளினிக்கைத் தேட வேண்டாம், நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. படுத்தால் மூச்சு முட்டியது, அது தெரிந்தது.

சவரிமுத்து மேலே வந்து என் முகத்தைப் பார்த்தார். “சார், இது வெளையாட்டு இல்ல,” என்று என்னைத் தூக்கினார். அவரும் முரளியும் நாற்காலியோடு என்னை நாற்பத்து நான்கு படிகள் இறக்கினார்கள். அடிபட்ட கையை அவர் சரியாக மடக்க முடியாமல் பிடித்திருந்தார். காரில் ஏற்றும்போது என் காதருகே, “சொல்லிடலாமா?” என்றார். அவர் விரலை நெரித்து வேண்டாம் என்றேன்.

அவசரப் பிரிவில் எனக்கு முன்னால் ஆறு பேர். என் கழுத்தைப் பார்த்ததும் என்னை முதலில் எடுத்தார்கள். முகத்தைச் சுற்றி ஒரு கருவி மெதுவாக வட்டமடித்து எல்லாப் பற்களையும் தாடையையும் ஒரே படமாக எடுத்தது. பிறகு வாய், தாடை அறுவை மருத்துவர் வந்தார். டாக்டர் ஷ்ரேயா, முரளியைவிடச் சின்னவர். “பாயி தெகீரி, அங்கிள்,” என்றார். வாயைத் திறக்கச் சொல்கிறார்; ஒரு விரல் அகலம்தான் திறந்தது.

சீழ் கட்டிய இடத்தில் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காதாம். முழு மயக்கம் கொடுப்பது அந்த மூச்சுக்குழாய்க்கு ஆபத்தாம். ஆகவே விழித்திருக்கும்போதே தாடைக்கு அடியில் வெட்டினார்கள். இரண்டு பேர் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கத்தி சென்றதைவிட, அதற்குப் பிறகு ஒரு கவ்வியை உள்ளே விட்டு விரித்துச் சதைகளைப் பிரித்தார்களே, அதுதான் தாங்கவில்லை. கால்களை உதறினேன். நர்ஸ் ஒருவருக்கு வயிற்றில் உதை பட்டது. நாற்றம் அறை முழுவதும் பரவியது; வெதுவெதுவென்று கழுத்தில் வழிந்தது. “ஆய்த்து, ஆய்த்து, முடிஞ்சுது, இன்னும் கொஞ்சம்,” என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்பது முறை சொன்னார். கடைசியில் மீதிப் பல்லையும் பிடுங்கி, வெட்டிய இடத்தில் ஒரு ரப்பர் குழாயைத் தைத்தார்கள், மிச்சச் சீழ் வடிவதற்காக.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் பேச முடிந்தது. டாக்டர் ஷ்ரேயா தனியாக வந்து திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“அங்கிள், அரிசிக் கல்லுல பல்லு ஒடையும். தாடை மூலைல எலும்பு ஒடையாது. உங்க தாடைல விரிசல் இருக்கு. யாரு ஹொடெதரு?”

யார் அடித்தது என்று கேட்கிறார். யாரும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“மனைவி. மகன்.”

“நாலு நாள் ஏன் கூட்டிட்டு வரல?”

“நான்தான் வரல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, அங்கிள். பயப்பட வேண்டாம். அடிபட்ட கேஸ்னா நாங்க போலீசுக்குச் சொல்லணும், அது ரூல். ரெண்டு மணிக்குக் கான்ஸ்டபிள் வருவார். அதுக்கு முன்னால நான் உங்க மகன்கிட்ட பேசறேன்.”

திரைக்கு அந்தப் பக்கம், நடைபாதையில்தான் பேசினார்கள். என் கட்டில் ஓரமாக இருந்ததால் எல்லாம் கேட்டது.

“வீட்ல ஏதாவது கலாட்டாவா சார்? வயசானவங்க, பிடிவாதம் பிடிப்பாங்க. கோபத்துல கை பட்டிருக்கலாம்.”

 

“எங்க வீட்ல கை நீட்டறது அவர் ஒருத்தர்தான் டாக்டர்,” என்றான் முரளி. “எனக்குப் பத்தொம்பது வயசு வரைக்கும் அடிச்சார். ஒரு நாள் அவர் கையைப் புடிச்சுட்டேன். அதோட நிறுத்திட்டார்.”

“அதுக்காக இப்ப...”

“இல்ல.”

அவர் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. இனி துணைக்கு அம்மா மட்டும் இருக்கட்டும், நீங்கள் வார்டுக்கு வெளியே இருங்கள் என்றார். முரளி சரி என்றான். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

அவன் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். அவனை அடித்ததை மட்டும் எண்ணி வைக்கவில்லை. மதிப்பெண் குறைந்ததற்கு, சைக்கிள் பூட்டைத் தொலைத்ததற்கு, எதற்கென்றே நினைவில்லாதவற்றுக்கு. படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன்.

இரண்டு மணி வரை எனக்கு இரண்டே வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டால் போலீஸ் காகிதத்தில் அவன் பெயர் ஏறும். திறந்தால் அவன் வீட்டை விட்டுப் போவான். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், ஒன்று நாற்பது வரை யோசித்தேன். மூன்றாவதாக ஒரு பொய் கிடைக்குமா என்றுதான் யோசித்தேன்.

கான்ஸ்டபிள் வந்ததும் முரளியையும் உள்ளே கூப்பிடச் சொன்னேன். பத்மா கஞ்சி டம்ளரோடு கட்டில் பக்கத்தில் இருந்தாள். சொன்னேன். நான் இரண்டு அடி, குழாயால். அவர் ஒன்று, கையால். முதலில் அடித்தது நான். நாக்கு வீங்கியிருந்ததால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்த சவரிமுத்து தானாக உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்து முன்கைக் காயத்தைக் காட்டினார்.

“நான்தான் சார் அடிச்சேன். ஒண்ணே ஒண்ணு. ஆனா அது கொஞ்சம் பலமா வுழுந்துடுச்சு.”

கான்ஸ்டபிள் எங்கள் வயதுகளை எழுதிவிட்டு நிமிர்ந்தார். “ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்தி நாப்பது வயசு. நாச்சிகெ ஆகல்வா? வெக்கமா இல்ல?” புகார் இல்லை என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் ஷ்ரேயா முரளியிடம் ஸாரி என்றார். அவன் பரவாயில்லை என்றான். என் பக்கம் திரும்பாமல் வெளியே போனான்.

எல்லோரும் போன பிறகு பத்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அரிசியில கல் இல்லன்னு எனக்குப் புதன்கிழமையே தெரியும்,” என்றாள்.

“பின்ன ஏன் கேக்கல?”

“கேட்டா?” என்றாள். பிறகு ஸ்பூனை எடுத்து, “ஆறிடுச்சு. குடிங்க,” என்றாள்.

வியாழக்கிழமை தாடையைக் கட்டினார்கள். எலும்பு விலகாமல் விரிசலோடு நின்றிருந்ததால் தகடு வைக்கத் தேவையில்லையாம். மேல் பற்களிலும் கீழ்ப் பற்களிலும் வளைந்த உலோகப் பட்டைகளைப் பொருத்தி, இரண்டையும் மெல்லிய கம்பிகளால் முறுக்கிச் சேர்த்துவிடுவார்கள். நான்கு வாரம் வாய் திறக்காது. ஒவ்வொரு முறுக்குக்கும் பற்கள் வேரோடு நகர்வது போல இருந்தது. மொத்தம் பதினான்கு முறுக்கு. வாந்தி வந்து மூச்சு அடைத்தால் கம்பியை வெட்ட ஒரு சின்ன கட்டரைக் கொடுத்து, எந்தக் கம்பியை முதலில் வெட்ட வேண்டும் என்று முரளிக்கும் பத்மாவுக்கும் காட்டிக்கொடுத்தார்கள். முரளி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகும் அவன் இருக்கும் நேரமெல்லாம் அது அவன் பையிலேயே இருந்தது.

பத்மா ராகிக் கஞ்சியை டீ வடிகட்டியில் மூன்று முறை வடிகட்டினாள். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் ஊசியில்லாத சிரிஞ்சால் உப்பு நீரைக் கம்பிகளுக்கு இடையே பீய்ச்சிக் கழுவ வேண்டும். காலையில் அதை முரளி செய்தான். அலுவலக வண்டி வருவதற்கு முன், குனிந்து, என் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு இடுக்காகக் கழுவுவான். அவன் முகம் என் முகத்துக்கு அவ்வளவு அருகில் வந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.   மூன்றாம் நாள், சிரிஞ்சைக் கழுவிக்கொண்டே சொன்னான்: “எலெக்ட்ரானிக் சிட்டில வீடு பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போறேன். அம்மாவையும் கூப்பிட்டேன். உங்க கம்பி கழட்டற வரைக்கும் வரலைன்னு சொல்லிட்டாங்க.”

கழற்றும் வரைக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை.

எனக்குப் பேச ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, அவன் ஏன் போகக் கூடாது என்பதற்கு ஏழு காரணங்களை வரிசை எண் போட்டு எழுதினேன். அம்மாவின் முழங்கால் வலி மூன்றாவது. என் இதயம் ஐந்தாவது. ஏழாவதாக, இனிமேல் யாரையும் அடிக்க மாட்டேன் என்று எழுதி அடிக்கோடு இட்டேன்.

முப்பதாம் தேதி காலை அவன் வந்து குனிந்தான். நோட்டு என் மடியில் திறந்திருந்தது. இடப்பக்கம் கழுவி முடித்தான். கம்பி முனை ஒன்று கன்னத்தின் உள்ளே குத்துவதைக் கவனித்து, அதன்மேல் கொஞ்சம் மெழுகை உருட்டி ஒட்டினான்.  அவன் தோளைத் தொடலாம் என்று கையைத் தூக்கினேன்.

அவன் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தான். கண்கள் மூடிக்கொண்டன. சிரிஞ்ச் கீழே விழுந்தது.

ஒரு நொடிதான். பிறகு அவன் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தான். அது அங்கேயே காற்றில் நின்றிருந்தது. அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. “ஒண்ணுமில்ல. ஏதோ...” என்று சொல்லிவிட்டு சிரிஞ்சை எடுத்துக் கழுவப் போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் நான் நோட்டில் பக்கத்தைத் திருப்பினேன். புதிய பக்கத்தில் எழுதி அவனிடம் நீட்டினேன்: நாளை சாமான் ஏற்றும் வண்டியை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாய்?

படித்தான். “பத்து மணிக்கு,” என்றான்.  பிறகு சிரிஞ்சில் தண்ணீரை இழுத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

“உதட்டத் தூக்குங்க. அந்தப் பக்கம் இன்னும் இருக்கு.”

என் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கையால் தூக்க முடியாது என்பதால், முகத்தாலேயே முடிந்தவரை உதட்டை உயர்த்தினேன்.